திடீர் இதயநிறுத்தம் யாருக்கு வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றாக இருந்த ஒருவர் நின்ற இடத்திலேயே சரிந்து இறந்துபோனார் என்று செய்தி வந்தால், அடுத்த சில நாட்களுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள்தான் எங்களிடம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டுவதால் எண் கொடுத்திருக்கிறோம்.

1. ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட் ரெண்டும் ஒண்ணுதானே?

வேறு வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், வியர்த்துக் கொட்டும், ஆனால் பேசுவார். இதயநிறுத்தத்தில் கெட்டுப்போவது இதயத்தின் மின்னோட்டம். பெரும்பாலும் கீழறைகள் நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் தாறுமாறாக அதிரும். அந்த அதிர்வில் ஒரு சொட்டு ரத்தம்கூட ஒழுங்காக வெளியேறாது. 10 முதல் 20 விநாடிக்குள் நினைவு போய்விடும். 4 முதல் 6 நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. மாரடைப்பு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் இதயநிறுத்தம் வரும் ஆபத்து மிக அதிகம். நெஞ்சுவலியோடு வீட்டில் படுத்துக்கொண்டு 'கேஸா இருக்கும்' என்று விடியும்வரை காத்திருப்பது அதனால்தான் உயிரைப் பறிக்கிறது.

2. நேத்து வரைக்கும் நல்லா இருந்த இதயம் ஏன் திடீர்னு நிக்கணும்?

இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, இதயத்தில் ஏற்கெனவே இருக்கும் குறை: பழைய மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பு, வீங்கித் தளர்ந்த தசை, அளவுக்கு மீறித் தடித்த சுவர், பிறவியிலேயே வரும் மின்னோட்டக் கோளாறு. இன்னொன்று, அன்றைக்கு வந்து சேரும் தூண்டுதல்: புதிதாக ஒரு அடைப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாவது, கடும் உழைப்பு, காய்ச்சல், ஒத்துக்கொள்ளாத மாத்திரை, பெரும் அதிர்ச்சி.

தழும்பு ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செத்த தசையில் மின்சாரம் பாயாது. ஆனால் தழும்பின் ஓரத்தில் செத்த இழைகளும் உயிருள்ள இழைகளும் கலந்து கிடக்கும். அங்கே மின்னலை மெதுவாக ஊர்ந்து, சுற்றிவந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மறுபடி பாயும். அந்தச் சுழற்சி பிடித்துக்கொண்டால் கீழறை தன் போக்கில் வேகமாக ஓடும், பிறகு சிதறி அதிரத் தொடங்கும். தழும்பு பத்து வருடம் சும்மா கிடக்கலாம். குறையை மட்டும் வைத்துக்கொண்டு 'எப்போது' என்று யாராலும் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

3. யாருக்குத்தான் அதிகமா வருது? வயசானவங்களுக்கா, ஆம்பளைங்களுக்கா?

இரண்டுமே சரி. 35 வயதைத் தாண்டியவர்களில் முதல் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. அது வயதோடு ஏறும். ஆண்களுக்கு ஆபத்து பெண்களைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. மாதவிடாய் நின்றபிறகு பெண்களுக்கும் ஏறத் தொடங்குகிறது. பத்து வருடம் போல் பின்தங்கி வருகிறது, அவ்வளவுதான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தனி ஆளின் ஆபத்தைப் பார்த்தால் வரிசை வேறு. முன்பு ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவர்கள் முதலிடம். அடுத்து, இதயத்தின் பம்பிங் (4-வது பதிலில் விளக்கியிருக்கிறோம்) 35 சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவர்கள். பிறகு, அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், பரம்பரை இதயத் தசைநோயோ மின்னோட்டக் கோளாறோ உள்ள குடும்பத்தினர்.

4. அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாச்சு. அடைப்பு போயிடுச்சுல்ல, இனி பயமில்லையே?

ஸ்டென்ட் குழாயைத் திறக்கிறது. அதற்கு முன்பே செத்துப்போன தசையை அது திருப்பித் தராது. எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் பம்பிங் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த ஒரு எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரை வெளியே தள்ளும். 40-க்குக் கீழே என்றால் கவலை. 35-ம் அதற்குக் கீழும் என்றால் நெஞ்சுக்குள் பொருத்தும், மின் அதிர்வு கொடுக்கும் கருவியான ஐசிடி பற்றி மருத்துவரே பேச்செடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். மாரடைப்பு வந்த மறுநாள் எக்கோவில் 30 என்று வந்தால், அதில் ஒரு பங்கு செத்த தசை, ஒரு பங்கு அதிர்ச்சியில் மரத்துப்போன தசை. மரத்தது சில வாரங்களில் தேறும். அதனால் மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாளும், ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தபின் 3 மாதமும் கழித்து, மாத்திரைகளை முழு அளவில் சாப்பிட்ட நிலையில், மறுபடி எக்கோ எடுத்த பிறகுதான் ஐசிடி முடிவாகும். இந்த இரண்டாவது எக்கோவைத்தான் பலர் எடுப்பதே இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த இடைக்காலத்தில் காப்பவை மாத்திரைகள். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் மூன்றும் பம்பிங் குறைந்தவர்களில் திடீர் மரணத்தைக் குறைக்கின்றன. பீட்டா பிளாக்கரை ஒரேயடியாக நிறுத்துவது தனி ஆபத்து; தீர்ந்துபோச்சு என்று நான்கு நாள் விடாதீர்கள்.

5. சுகர், பிபி, சிகரெட்... எல்லா நோய்க்கும் இதையேதான சொல்றீங்க?

சலிப்பு புரிகிறது. ஆனால் இவை ஒவ்வொன்றும் வேறு வழியில் வேலை செய்கின்றன. நீண்டகால உயர் ரத்த அழுத்தம் கீழறைச் சுவரைத் தடிக்க வைக்கும். தடித்த சுவரில் மின்னலை சீராகப் பரவாது. நீரிழிவு குழாயை அடைப்பதோடு இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் கெடுக்கும். அப்போது மாரடைப்பே வலியில்லாமல் வந்துபோகும், தழும்பு மட்டும் மிஞ்சும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு.

புகை கொழுப்புப் படிவை வெடிக்கச் செய்து, அதன்மேல் ரத்தம் உறைவதையும் எளிதாக்குகிறது. விட்டால் ஆபத்து இறங்கத் தொடங்கும், எத்தனை வருடம் பிடித்திருந்தாலும். ஒரே உட்காரலில் அளவுக்கு மீறிக் குடிப்பது, கொக்கெயின் போன்றவை துடிப்பை நேரடியாகவே தாறுமாறாக்கும்.

6. கிட்னி பிரச்சினைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். டயாலிசிஸில் இருப்பவர்களின் இறப்புக் காரணங்களில் திடீர் இதய மரணம் முன்னணியில் இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது ஏறிக்கொண்டே போகும், டயாலிசிஸில் சட்டென்று இறங்கும். ஏற்றம், இறக்கம் இரண்டுமே இதயத்துக்கு ஆகாது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, இரண்டு நாள் இடைவெளி விழும் அந்த நீண்ட விடுப்பின் முடிவில்தான் இறப்புகள் கூடுகின்றன. அதனால் அந்த இரண்டு நாளில் தண்ணீரிலும் உணவிலும் கட்டுப்பாடு தளரக் கூடாது. ஒரு டயாலிசிஸைத் தவறவிடுவது மிக மோசமான யோசனை.

7. செத்தவங்கள்ல பாதி பேருக்கு எந்த நோயும் இல்லனு சொல்றாங்களே, அப்ப இந்தப் பட்டியலால என்ன பயன்?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்திலேயே குழப்பமான இடமும் இதுதான். 3-வது பதிலில் சொன்ன கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து அதிகம், ஆனால் அந்தக் கூட்டம் சிறியது. மற்ற எல்லோருக்கும் ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். சிறிய ஆபத்தைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது பெரிய எண். இறப்புகளில் பெரும்பகுதி, யாரும் எச்சரிக்காத சாதாரண மக்களிடையே நடப்பது இந்தக் கணக்கால்தான்.

'எந்த நோயும் இல்லை' என்பதும் பல நேரம் 'எந்த நோயும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்றே பொருள்படும். பிரேதப் பரிசோதனையில் பழைய மாரடைப்புத் தழும்பு, மூன்று குழாயிலும் அடைப்பு, தடித்த சுவர் என்று ஏதாவது கிடைப்பது வழக்கம். இதிலிருந்து இரண்டு வேலைகள் கிடைக்கின்றன. ஆபத்து அதிகம் உள்ளவருக்குத் தனிக் கவனிப்பு. மற்ற எல்லோருக்கும் 5-வது பதிலில் உள்ளவற்றைக் கட்டுக்குள் வைப்பதும், அருகில் இருப்பவர்களுக்குச் சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கும் முதலுதவி) தெரிந்திருப்பதும்.

8. விளையாடிட்டு இருந்த சின்னப் பையன் அப்படியே விழுந்துட்டான். 20 வயசுல எப்படிங்க?

35 வயதுக்குக் கீழே குழாய் அடைப்பு அபூர்வம். காரணங்கள் பெரும்பாலும் பிறப்போடு வந்தவை. முக்கியமானது இதயச் சுவர் தடிக்கும் பரம்பரை நோய். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்கு ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகும். சுவர் 15 மி.மீ. தாண்டினால் நோய் என்று பெயர், 30 மி.மீ. என்றால் ஆபத்து மிக அதிகம். கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ 2003-ல் ஆடுகளத்திலேயே விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது இந்த நோய்தான்.

வலது கீழறைத் தசை கொழுப்பாக மாறும் நோய், இதயக் குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்பும் பிறவிக் குறை, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சி ஆகியவை அடுத்தவை. இதயத்தைக் கையிலெடுத்துப் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாத மின்னோட்டக் கோளாறுகள் தனி வகை; அவற்றுக்கு 10-வது பதிலைப் பாருங்கள். குறையே இல்லாத நெஞ்சிலும் ஒன்று நடக்கலாம்: பந்தோ முழங்கையோ இதயத்துக்கு நேர் மேலே, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் பட்டால் அந்த அடியே இதயத்தை நிறுத்திவிடும். பதின்ம வயதுப் பையன்களில்தான் இது அதிகம், நெஞ்சுக்கூடு இன்னும் வளைந்துகொடுப்பதால்.

விளையாடுபவர்கள் எல்லோருக்கும் ஈசிஜி எடுக்கலாமா என்பதில் நாடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. இத்தாலி 1982 முதல் கட்டாயமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததாகப் பதிவாயிற்று. இஸ்ரேல் 1997-ல் சட்டம் போட்டது. அங்கே முன்னும் பின்னும் வேறுபாடு தெரியவில்லை. ஈசிஜியை விளையாட்டு வீரர்களின் இதயம் பற்றித் தெரிந்தவர் படிக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆரோக்கியமான பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்குவதுதான் நடக்கும்.

9. அப்ப ஜிம்முக்குப் போறதே ஆபத்தா?

கடும் உழைப்பு நடக்கும்போதும் முடிந்த அரைமணி நேரத்திலும் ஆபத்து தற்காலிகமாக ஏறுவது உண்மை. ஆனால் எவ்வளவு? அமெரிக்க ஆண் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 15 லட்சம் தடவை கடும் உழைப்புக்கு ஒரு திடீர் மரணம் என்று கணக்கு வந்தது. அதே ஆய்வில், வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அந்தத் தற்காலிக ஏற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆபத்து யாருக்கென்றால், வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்துவிட்டு ஒரே நாளில் எடைதூக்குபவருக்கு. நாற்பதைத் தாண்டி, சுகரோ புகையோ உள்ளவர் என்றால் முதலில் ஒரு பரிசோதனை, பிறகு நடை, பிறகு வேகம் என்று வாரக்கணக்கில் ஏற்றுங்கள். காய்ச்சல் இருக்கும்போது கடும் பயிற்சி வேண்டாம். இதயத் தசை அழற்சி என்று சொல்லப்பட்டிருந்தால் 3 முதல் 6 மாதம் போட்டி விளையாட்டே கூடாது.

10. எங்க அண்ணன் 32 வயசுல தூக்கத்துலயே போயிட்டார். நான் என்ன டெஸ்ட் எடுக்கணும்?

முதலில் அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதைத் தேடுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, பழைய ஈசிஜி, மயங்கி விழுந்த வரலாறு, சாப்பிட்ட மாத்திரைகள், அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா என்பது எல்லாம் தடயம். இறப்பு இப்போதுதான் நடந்திருக்கிறது என்றால், மரபணுச் சோதனைக்காக ரத்தமோ திசுவோ எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாள் போனால் கிடைக்காது. துக்கத்தில் இதையெல்லாம் கேட்க மனம் வராது. வீட்டில் ஒருவர் கேட்டால் போதும்.

பிறகு பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை மூன்றும். இந்த நோய்களில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்போடு போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் உண்டு. ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்புக்குக் கீழறை மின்னளவில் தூண்டப்பட்டு மறுபடி தயாராக எடுக்கும் நேரம்) நீளும் நோயில் ஒரு வகை நீச்சலிலும் ஓட்டத்திலும் தாக்கும், இன்னொன்று அலாரமோ தொலைபேசியோ திடுக்கென ஒலிக்கும்போது, மூன்றாவது ஓய்விலும் தூக்கத்திலும். 1992-ல் புருகாடா சகோதரர்கள் விவரித்த நோய் ஆண்களைத் தூக்கத்திலும் காய்ச்சலிலும் தாக்குகிறது. சாதாரண இடத்தில் ஒட்டினால் ஈசிஜியில் தெரியாமல் போகலாம் என்பதால் நெஞ்சின் முதல் இரண்டு முனைகளையும் இரண்டாம் விலா இடைவெளிக்கு மேலேற்றி ஒட்டி எடுக்க வேண்டும். இன்னொரு கோளாறில் ஓய்வு ஈசிஜி முற்றிலும் சரியாக இருக்கும். டிரெட்மில்லில் ஓடும்போது மட்டுமே வெளிப்படும்.

ஒருமுறை எல்லாம் சரி என்று வந்தால் கதை முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவர் தடிக்கும் நோய் பெரும்பாலும் பதின்ம வயதில்தான் முளைக்கும், பிறகும் முளைக்கலாம். அந்தக் குடும்பங்களில் சிறுவர்களுக்கு 1–2 ஆண்டுக்கு ஒருமுறையும் பெரியவர்களுக்கு 3–5 ஆண்டுக்கு ஒருமுறையும் மறுபடி எக்கோ வேண்டும். மரபணுச் சோதனையை இறந்தவரிடமோ நோய் உறுதியானவரிடமோ தொடங்குவதே முறை. நலமாக இருப்பவருக்கு முதலில் எடுத்தால், பொருள் தெரியாத மாற்றம் ஒன்று வந்து குடும்பத்தையே வருடக்கணக்கில் பயமுறுத்தும்.

11. அடிக்கடி மயக்கம் வருது. எல்லா மயக்கத்துக்கும் பயப்படணுமா?

வேண்டாம். வெயிலில் வெகுநேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து, குமட்டி விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கம். பயப்பட வேண்டியவை இவை: ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது, படுத்திருக்கும்போது வருவது, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் முகம் அடிபட விழுவது, விழுவதற்குச் சற்று முன் படபடப்பு, நாற்பது வயதுக்குள் குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது. ஓடி முடித்து நின்றபிறகு வரும் மயக்கம் அவ்வளவு கெட்டதல்ல. ஓட்டத்தின் நடுவில் வருவது வேறு.

இதயத்தால் வரும் மயக்கத்திலும் கைகால் வெட்டும். அதனால் வலிப்பு என்று முத்திரை குத்தி, வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுத்துவரும் பிள்ளைகள் உண்டு. உழைப்பிலோ திடுக்கிடும்போதோ மட்டும் 'வலிப்பு' வந்தால், ஒரு ஈசிஜியாவது எடுத்து க்யூடி இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.

12. ஈசிஜி நார்மல், டிரெட்மில் நார்மல்னு போன மாசம்தான் வந்துச்சு. அப்புறமும் வருமா?

வரலாம். டிரெட்மில் சோதனை ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் காட்டும், ஏறத்தாழ 70 சதவீதம் போல். மாரடைப்பை உண்டாக்கும் படிவு பல நேரம் அதைவிடச் சிறியது. மென்மையாக இருந்து திடீரென வெடித்து, அதன்மேல் உறையும் ரத்தம்தான் குழாயை மூடுகிறது. நல்ல அறிக்கை அன்றைய நிலையைச் சொல்கிறது. புதிதாக நெஞ்சில் அழுத்தமோ மூச்சு வாங்கலோ வந்தால் பழைய அறிக்கையைக் காட்டி உங்களையே சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

13. மாத்திரையால கூட இதயம் நிக்குமா?

சில மாத்திரைகள் 10-வது பதிலில் சொன்ன க்யூடி இடைவெளியை நீட்டுகின்றன. அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், வாந்திக்கான ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன், பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல், மனநலத்துக்கான ஹாலோபெரிடால், சிட்டலோப்ராம், குளோரோகுயின் வகை ஆகியவை இதில் அடங்கும். துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் சோட்டலாலும் அப்படியே. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

சிக்கல் சேர்க்கையில்தான். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கிய ஒருவருக்கு வாந்தி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுப்பதை எண்ணிப் பாருங்கள். அதோடு நீர்பிரிய மாத்திரையும் சாப்பிடுபவர், வயதான பெண் என்றால் ஆபத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. க்யூடி 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் மருத்துவர் மருந்தை மாற்ற வேண்டும். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும்போது ஏற்கெனவே சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

14. தூக்கத்துல போறவங்க அதிகமா? குறட்டைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

பொதுவாக இதயநிறுத்தம் காலை நேரத்தில்தான் அதிகம். எழுந்ததும் அழுத்தமும் அட்ரினலினும் ஏறுவது ஒரு காரணம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உள்ளவர்களில் இது தலைகீழ்: அவர்களின் திடீர் மரணங்களில் ஏறத்தாழ பாதி, நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் நடப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. சத்தமான குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சுத் திணறி எழுவதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்தால் தூக்கச் சோதனை எடுக்க வேண்டும்.

15. முன்னாடியே ஏதாவது தெரியுமா, இல்ல சொல்லாமக் கொள்ளாம வந்துடுமா?

சொல்லிவிட்டு வருவதும் நிறைய. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 35 முதல் 65 வயதுக்காரர்களிடம் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், தகவல் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் அறிகுறி இருந்தது. ஆண்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சுவலி, பெண்களுக்கு மூச்சு வாங்கல். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கடைசி 24 மணி நேரத்தில் அது திரும்பவும் வந்தது. அவசர உதவியை அழைத்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அவர்களில் 32 சதவீதம் பிழைத்தார்கள், அழைக்காதவர்களில் 6 சதவீதம். வந்து போய் மறுபடி வரும் நெஞ்சு அழுத்தம் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

16. கோவிட் ஊசி போட்டதுக்கப்புறம்தான் இளைஞர்கள் இப்படிச் சாகுறாங்களாமே?

எம்ஆர்என்ஏ வகை ஊசிகளுக்குப் பின் இதயத் தசை அழற்சி அபூர்வமாக வருவது உண்மை. பெரும்பாலும் பதின்ம வயது, இளவயது ஆண்களுக்கு, இரண்டாம் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள். நெஞ்சுவலியாக வெளிப்பட்டு, பெரும்பாலோருக்கு லேசாகவே இருந்து ஆறியது. கோவிட் தொற்றும் அதே அழற்சியைத் தருகிறது, குழாயில் ரத்தம் உறைவதையும் கூட்டுகிறது. ஊசி போட்டுப் பல மாதம் கழித்து ஒருவர் விழுந்தால், ஊசியைக் காரணம் சொல்லிவிட்டு 8-ம் 10-ம் பதில்களில் உள்ள தேடலைக் கைவிடுவதுதான் பெரிய நஷ்டம். அதே நோய் தம்பிக்கும் இருக்கலாம்.

17. பொம்பளைங்களுக்கு வராதுதானே?

வரும், குறைவாக. ஆனால் வரும்போது, முன்பே இதய நோய் தெரிந்திருப்பது அவர்களில் ஆண்களைவிடக் குறைவு. பிரசவத்தை ஒட்டி இதயத் தசை தளரும் நோய் ஒன்று உண்டு. திடுக்கிடும் சத்தத்தில் தாக்கும் க்யூடி வகை, பிள்ளை பிறந்த அடுத்த 9 மாதத்தில் கூடுதல் ஆபத்து. அந்தக் காலத்தில் பீட்டா பிளாக்கரை நிறுத்தக் கூடாது. பொது இடத்தில் விழும் பெண்ணுக்குச் சிபிஆர் கிடைப்பது ஆணைவிடக் குறைவாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது. நெஞ்சைத் தொடத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

18. என் கண்ணு முன்னாடி ஒருத்தர் விழுந்தா நான் என்ன பண்ணணும்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் இதயநிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்; நாடி தேடி நேரத்தைப் போக்காதீர்கள். வாயைத் திறந்து எப்போதாவது ஒருமுறை 'ஹக்' என்று இழுப்பது மூச்சு அல்ல. ஆரம்ப நிமிடங்களில் பலரிடம் இது இருக்கும். இதைப் பார்த்து 'உயிர் இருக்கு' என்று காத்திருந்ததால் போன உயிர்கள் அதிகம். ஒருவரை ஆம்புலன்ஸை அழைக்கவும் இன்னொருவரை ஏஇடி கருவியை (யாரும் பயன்படுத்தக்கூடிய, மின் அதிர்வு கொடுக்கும் பெட்டி) தேடவும் பெயர் சொல்லியோ கைகாட்டியோ அனுப்புங்கள்.

கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம் அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள், கையைச் சாய்த்துக்கொண்டே இருந்தால் இதயம் நிரம்பாது. பெரியவர்களுக்கு அமுக்குவது மட்டுமே போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு சேர வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், களைத்த கை ஆழம் போகாது. அதிர்வு கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், சிபிஆர் இல்லாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

ஏஇடி வந்ததும் மூடியைத் திறந்து அது சொல்வதைக் கேளுங்கள். ஈரத்தைத் துடைத்து, ஒரு தட்டை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழ்ப் பக்கவாட்டிலும் ஒட்டுங்கள். தேவையில்லாத இதயத்துக்கு அது அதிர்வு கொடுக்காது, அதனால் தவறு செய்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அதிர்வுக்குப் பிறகு ஆள் எழுந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மறுபடி அமுக்குங்கள். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூனில் கால்பந்துப் போட்டியின் நடுவே விழுந்து பிழைத்தது இந்த வரிசை தாமதமில்லாமல் நடந்ததால்தான்.

19. ஐசிடி வெச்சுட்டா இனி அரெஸ்ட்டே வராதுல்ல?

வரும், கருவி அதைச் சில விநாடிகளில் கண்டுபிடித்து முறிக்கும். மிக்கேல் மிரோவ்ஸ்கி குழுவினரின் முதல் கருவி 1980-ல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டதிலிருந்து அடிப்படை வேலை இதுதான். தழும்பையோ பம்பிங் குறைவையோ அது குணப்படுத்தாது, ஆகவே 4-வது பதிலில் உள்ள மாத்திரைகள் தொடர வேண்டும்.

ஒரு அதிர்வு வந்து உடம்பு நன்றாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டோ அதற்கு மேலோ வந்தால், அல்லது ஒன்றே வந்தும் நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால், அவசரப் பிரிவுக்குப் போங்கள். கைபேசியைக் கருவி இருக்கும் பக்கச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். காந்தம் உள்ள கைபேசி, சார்ஜர் எல்லாம் 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். வண்டி ஓட்டலாமா, எப்போதிலிருந்து என்பது கருவி எதற்காக வைக்கப்பட்டது, அதிர்வு வந்ததா என்பதைப் பொறுத்து மாறும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.